பேசாமல் வாங்கிவைக்கும் சர்வர்: ஃபார்வர்டு வழியே மின்னஞ்சலுக்கு ஒரு நகல்

தேவை இவ்வளவுதான். என் மின்னஞ்சல் கணக்குக்கு வரும் ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நகல், என் கட்டுப்பாட்டில் உள்ள சர்வரில், நான் கை வைக்காமலே போய்ச் சேர வேண்டும். கணக்கு முடங்கினாலும், யாரேனும் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் துடைத்தெறிந்தாலும், நானே அவசரத்தில் ஒரு கோப்புறையைக் காலி செய்தாலும் அந்த நகல் அசையக் கூடாது.

சர்வரில் இருக்கும் மடல்களை எட்டிப் படிக்கும் நெறிமுறையான ஐமேப் வழியே ஒத்திசைக்கும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. எம்பிசிங்க், ஐமேப்சிங்க், ஆஃப்லைன்ஐமேப் என்று அடுக்கலாம். எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. ஆனாலும் நகல் வைக்கும் முதல் வழியாக அவற்றை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒத்திசைவு என்றாலே இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் இலக்கணம். ஒரு விருப்பத்தேர்வு மாறிக் கிடந்தால் போதும், அங்கே அழிந்தது இங்கேயும் அழியும். அதைவிடப் பெரிய சங்கடம் சாவி. சர்வர் தானே போய் மடலை எடுத்துவர வேண்டுமென்றால் மூலக் கணக்கின் கடவுச்சொல்லோ அதற்கு ஈடான டோக்கனோ அந்தச் சர்வரில் இருந்தாக வேண்டும். சர்வருக்குள் யாரேனும் நுழைந்துவிட்டால் நகலோடு மூலமும் போய்விடும். எதற்காக நகல் வைத்தோமோ அதற்கே உலை வைக்கும் ஏற்பாடு அது.

ஃபார்வர்டில் இந்தத் தொல்லை இல்லை. மடல் வந்த கணத்தில் அஞ்சல் சேவையே ஒரு நகலைத் தள்ளிவிடுகிறது. நகல் சர்வருக்கு மூலக் கணக்கின் சாவி தேவையில்லை, மூலக் கணக்குக்கும் நகல் சர்வரின் சாவி தேவையில்லை. மூலக் கணக்கைக் கைப்பற்றுகிறவரால் இனிமேல் வரும் நகல்களை நிறுத்த முடியும். ஏற்கெனவே வந்து சேர்ந்ததைத் தொட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, கொஞ்சம் பழைய வழியாக இருந்தாலும், இதையே அடித்தளமாக வைத்துக் கட்டினேன்.

சர்வர் நடுவிலா, முடிவிலா?

முதலில் தீர்மானிக்க வேண்டியது இது. சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நடுவில்தான் வைக்கிறார்கள். மடல் நேராகச் சொந்தச் சர்வருக்கு வரும். சர்வர் ஒரு நகலை வைத்துக்கொண்டு, தினமும் பார்க்கும் பெட்டிக்கு மற்றொன்றை அனுப்பும். செய்வதும் எளிது. சென்ட்மெயில் என்ற பழைய அஞ்சல் நிரலின் காலத்திலிருந்து இருக்கும் ஃபார்வர்டு கோப்பில், பின்சாய்கோடு போட்டுத் தன் பயனர் பெயரை எழுதி, காற்புள்ளி போட்டு வெளி முகவரியை எழுதினால் முடிந்தது. அந்தப் பின்சாய்கோடு, ‘இதை மறுபடி விரிக்காதே, இங்கேயே போடு’ என்று சொல்லும் குறி. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் நிரலும் இதே கோப்பைப் படிக்கும். எந்த முகவரிக்கு வருவதை எங்கே சேர்ப்பது என்று சொல்லும் அதன் விர்ச்சுவல் அலியாஸ் அட்டவணையில் ஒரே முகவரிக்கு எதிரே அதையே ஒருமுறையும் வெளி முகவரியை ஒருமுறையும் எழுதினாலும் அதே பலன். மடல்களைப் பிரிக்கும் விதிகளை எழுத உதவும் சீவ் மொழியில் ரீடைரக்ட் என்ற கட்டளை மட்டும் கொடுத்தால் மடல் வெளியே போய்விடும், இங்கே தங்காது. கூடவே காப்பி என்ற ஒட்டைச் சேர்த்தால்தான் நகல் நிற்கும். அந்த ஒட்டைத் தருவது 2004இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3894.

அமைப்பது எளிது, விளைவுதான் தலைவலி. மடலைச் சர்வர் விட்டுச் சர்வர் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையில் உறை வேறு, உள்ளே இருக்கும் மடல் வேறு. உறையின் மேல் ஓர் அனுப்புநர் முகவரி இருக்கும், மடலுக்குள் ‘ஃப்ரம்’ வரியில் இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1982இல் ஆர்எஃப்சி 821 வந்த நாளிலிருந்தே கிடையாது. எஸ்பிஎஃப் என்ற அனுப்புநர் சோதனை பார்ப்பது உறையின் முகவரியை. ‘இந்த டொமைன் பெயரில் மடல் அனுப்ப இந்த ஐபி முகவரிக்கு உரிமை உண்டா?’ என்று, டொமைன் விவரங்களைத் தரும் டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. நடுவில் நிற்கும் என் சர்வர் உறையை மாற்றாமல் தள்ளிவிட்டால், அடுத்த சர்வரின் கண்ணில் படுவது என் ஐபி. அனுப்பியவரின் டொமைன் பதிவில் அது இருக்காது. எஸ்பிஎஃப் தோற்கும்.

அதற்கு மருந்தாக எஸ்ஆர்எஸ் என்ற முறை இருக்கிறது. உறையின் அனுப்புநர் முகவரியை என் டொமைனுக்குள் மடித்து எழுதி, கூடவே போலியைக் கண்டுபிடிக்க ஒரு ஹேஷையும் (சரிபார்ப்புக் குறியீடு) நாள் குறிப்பையும் சேர்த்து அனுப்பும். திரும்பி வரும் மடல் அதை அவிழ்த்து உரிய ஆளிடம் போய்ச் சேரும். எஸ்பிஎஃப் தேறிவிடும், சரி. ஆனால் ‘ஃப்ரம்’ டொமைனுக்கு உரியவர் எழுதிவைக்கும் கொள்கையான டிமார்க் கேட்கிற கேள்வி வேறு: தேறிய டொமைன், மடலுக்குள் இருக்கும் ‘ஃப்ரம்’ டொமைனோடு பொருந்துகிறதா? எஸ்ஆர்எஸ்ஸுக்குப் பிறகு தேறியது என் டொமைன். ‘ஃப்ரம்’ வரியில் இருப்பது அனுப்பியவருடையது. பொருந்தாது. ஆக எல்லாப் பாரமும், அனுப்பும் டொமைன் மடலில் இடும் மின்கையெழுத்தான டிகிம் கையெழுத்தின் தலையில் வந்து விழுகிறது. மடலின் உடலையும் கையெழுத்திட்ட தலைப்பு வரிகளையும் தொடாதவரை அது செல்லும். பொருள் வரியில் ஒரு முன்னொட்டைச் சேர்த்தாலோ, அடியில் ஒரு வரியை ஒட்டினாலோ செல்லாது. அனுப்பியவர் டிகிம் கையெழுத்தே இடாமல், டிமார்க்கில் ‘நிராகரி’ என்று எழுதி வைத்திருந்தால், அந்த மடல் எனக்கு வராமலே போய்விடலாம். 2014 ஏப்ரலில் யாகூவும் ஏஓஎல்லும் தங்கள் டொமைன்களுக்கு அப்படி எழுதியபோது உலகமெங்கும் மடற்குழுக்கள் திணறியதற்கும் இதே கணக்குதான் காரணம். 2019இல் வந்த ஏஆர்சி, நடுவில் இருப்பவரின் சோதனை முடிவுக்கு ஒரு முத்திரை கொடுக்கிறது; அந்த முத்திரையை நம்புவதும் நம்பாததும் வாங்குகிறவரின் விருப்பம்.

போதாக்குறைக்கு ஸ்பேம் வேறு. நடுவில் இருக்கும் சர்வர் ஸ்பேமையும் சேர்த்துத் தள்ளும். தள்ளியவர் என்ற கெட்ட பெயர் அதன் ஐபிக்குத்தான்.

எனவே சர்வரை முடிவில் வைத்தேன். மடல் வழக்கம்போல முதலில் பழைய பெட்டிக்கே வரும். அங்கிருந்து ஒரு நகல் என் சர்வருக்கு வரும். அதோடு பயணம் முடிந்தது, என் சர்வர் யாருக்கும் எதையும் அனுப்பாது. இதில் ஏதாவது கெட்டாலும் கெடுவது நகல்தான், மூலம் பத்திரம். அனுப்பாத சர்வருக்கு ஐபி நற்பெயர் தேவையில்லை, தலைகீழ் டிஎன்எஸ் பதிவு தேவையில்லை, டிகிம் சாவி தேவையில்லை. சர்வர் வாடகைக்கு விடும் பல நிறுவனங்கள் சர்வர்களுக்கிடையே மடல் போகும் 25ஆம் போர்ட் வழியே வெளியே போவதைத் தடுத்து வைத்திருக்கின்றன. அந்தத் தடையும் நம்மைப் பாதிக்காது. உள்ளே வரும் 25 திறந்திருந்தால் போதும்.

கட்டியது

ஒரு சிறிய லினக்ஸ் சர்வர், மடலை வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், வைத்துப் படிக்க டவ்காட், பிரித்துப் போட அதன் பிஜன்ஹோல் சீவ். டொமைனில் இதற்கென்றே ஒரு துணை டொமைன் எடுத்து, அதற்கு மட்டும் எம்எக்ஸ் பதிவு, அதாவது மடல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு, போட்டேன். முதன்மை டொமைனின் எம்எக்ஸைத் தொடவே இல்லை. இது முக்கியம், அதைத் தொட்டால் எல்லா மடலும் திசைமாறிவிடும்.

பெறும் முகவரி ஒன்றே ஒன்று. எளிதில் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக் குவியல். வேறு எந்தப் பெயருக்கு வந்தாலும் வாசலிலேயே 550 என்ற மறுப்பு எண்ணைச் சொல்லித் திருப்பிவிடும். எம்எக்ஸ் பதிவு போட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே ‘இன்ஃபோ’, ‘அட்மின்’ என்று கதவைத் தட்டுகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்பதைப் பதிவேட்டில் பார்த்தபோது அந்த நீளமான பெயர் வீண்போகவில்லை என்று தெரிந்தது. வெளியே அனுப்பும் வழியை அடைக்க, போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான டிரான்ஸ்போர்ட்டை எரர் என்று மாற்றிவிட்டேன். இப்போது இந்தச் சர்வருக்குள் யாராவது புகுந்தாலும், இந்த அமைப்பை மாற்றாதவரை போஸ்ட்ஃபிக்ஸ் வழியே ஸ்பேம் அனுப்ப முடியாது, தானியங்கிப் பதில் எதுவும் தப்பித்தவறிக் கிளம்பாது.

இதிலிருந்து ஓர் ஒழுங்கும் பிறக்கிறது: வாங்கிக்கொண்ட பிறகு நிராகரிக்கக் கூடாது. நிராகரிப்பதென்றால் வாசலிலேயே செய்துவிட வேண்டும். ஸ்பேம் வடிகட்டியைச் சேர்த்தாலும் குறி போடுவதோடு நிறுத்த வேண்டும். காப்பகத்துக்கு ஸ்பேமும் ஒரு பதிவுதான். எஸ்பிஎஃப் சோதனையையும் அப்படியே, முடிவை எழுதி வைப்பதோடு விட்டேன். உறை மாறாமல் ஃபார்வர்டாகி வரும் மடலில் அது தோற்பது இயல்பு என்று தெரிந்த பிறகு, அதைக் காரணம் காட்டி மடலைத் திருப்புவதில் பொருளில்லை. திருப்பினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உறையை மாற்றாமல் ஃபார்வர்டு செய்யும் சேவையாக இருந்தால், ‘சேர்க்க முடியவில்லை’ என்ற அறிவிப்பு நேராக முதலில் அனுப்பியவருக்கே போகும். அதில் என் ரகசிய முகவரியும் பளிச்சென்று இருக்கும்.

அடுத்து ஃபார்வர்டை இயக்குவது. ஜிமெயில் போன்ற சேவைகளில் முகவரியைச் சேர்த்ததும் அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் வரும். அதில் உள்ள குறியீட்டைக் கொடுத்தால்தான் ஃபார்வர்டு தொடங்கும். காப்பகத்துக்குள் வந்த முதல் மடல் அதுதான். பிறகு மூலத்தில் இருக்கும் நகலை என்ன செய்வது என்று கேட்கும். இன்பாக்ஸிலேயே வைத்திரு, படித்ததாகக் குறி, காப்பகத்துக்கு அனுப்பு, அழி என நான்கு தேர்வுகள். முதலாவதைத் தவிர மற்றவற்றைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

வந்த மடல் ஒன்றின் தலைப்பு வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் முழுப் பயணமும் தெரியும். ‘ரிசீவ்டு’ வரிகளில் அடியில் இருப்பதுதான் மூத்தது. அனுப்பியவரின் சர்வர், அதற்கு மேல் மூலச் சேவை வாங்கிய நேரம், அங்கே நடந்த எஸ்பிஎஃப், டிகிம் சோதனைகளின் முடிவு, அதற்கு மேல் ‘இவருக்காக, இந்த முகவரிக்கு ஃபார்வர்டு’ என்ற இரண்டு வரிகள், உச்சியில் என் சர்வர் டிஎல்எஸ் குறியாக்கத்தின் வழியே வாங்கிக்கொண்ட வரி. உறையின் அனுப்புநரைப் பார்த்தால் மூலப் பயனர் பெயர், ஒரு கூட்டல் குறி, சி-ஏ-எஃப் என்ற மூன்று எழுத்துகள், அடிக்கோடு, சமக்குறி, பிறகு என் ரகசிய முகவரி, எல்லாம் ஒரே முகவரிக்குள் கோத்திருக்கும். ஜிமெயில் உறையை இப்படி மாற்றி எழுதுவதால்தான் எஸ்பிஎஃப் தேறுகிறது. சேராத மடல் பற்றிய அறிவிப்பும் வெளியாருக்குப் போகாமல் அங்கேயே திரும்புகிறது.

கையால் ‘ஃபார்வர்டு’ பொத்தானை அழுத்தி அனுப்புவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புதிய மடல். அனுப்புநர் நீங்கள், பழைய தலைப்பு வரிகளில் பெரும்பாலானவை போய்விடும், டிகிம் கையெழுத்தும் போய்விடும். பழைய மடல் ஒன்றிரண்டைக் கையால் காப்பகத்தில் சேர்க்க வேண்டுமானால் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் நிரலில் இருக்கும் ரீடைரக்ட், அல்லது மட் (Mutt) என்ற நிரலில் இருக்கும் பவுன்ஸ், அதுவும் இல்லையென்றால் ‘இணைப்பாக ஃபார்வர்டு’. இம்மூன்றும் மூல மடலைக் குலைக்காது.

அளவு என்ற பள்ளம்

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மடலுக்கு இயல்பாக அனுமதிக்கும் உச்ச அளவு 1,02,40,000 பைட்டுகள். பத்து எம்பி, போதுமே என்று தோன்றும். ஆனால் இணைப்புகள் மடலுக்குள் பேஸ்64 என்ற எழுத்து வடிவில் பயணிக்கின்றன. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன, 76 எழுத்துக்கு ஒரு வரி முறிவு. மொத்தத்தில் ஏறத்தாழ 37 சதவீதம் வீங்கும். ஆக ஏழரை எம்பியைத் தாண்டிய கோப்பு ஒன்று இருந்தாலே காப்பகம் 552 சொல்லித் திருப்பும். எதைக் காப்பாற்ற இந்தப் பாடுபடுகிறோமோ, அந்த ஒப்பந்த ஸ்கேன்களும் படங்களும்தான் இதில் முதல் பலி.

சரி, எல்லையை உயர்த்திவிடலாம் என்று 50 எம்பி, அதாவது 5,24,28,800 என்று எழுதினால் வேறொரு வேடிக்கை நடக்கும். எந்த மடலும் பெட்டிக்குள் சேராது. எல்லாம் வரிசையில் தேங்கி நிற்கும். பதிவேட்டில், அஞ்சல் பெட்டியின் அளவு எல்லை மடலின் அளவு எல்லையைவிடச் சிறியதாக இருக்கிறது என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். அஞ்சல் பெட்டிக்கென்று தனியாக ஓர் எல்லை இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 5,12,00,000. ஒன்று ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு, மற்றது 1024ஆல் பெருக்கிய கணக்கு. பார்வைக்கு இரண்டும் ஐம்பதுதான். மடலை டவ்காட்டிடம் ஒப்படைக்கும்படி சொல்லியிருந்தாலும், நடுவில் போஸ்ட்ஃபிக்ஸின் லோக்கல் நிரல் ஓடினால் அது இந்தக் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பெட்டியின் எல்லையைப் பூஜ்யம் ஆக்கினால் எல்லையே இல்லை என்று பொருள். அப்படி வைத்துவிட்டு, மடலின் எல்லையை 70 எம்பிக்கு உயர்த்தினேன். தேங்கியவை தாமாக உள்ளே வந்தன.

அந்தத் தேக்கம் ஒரு நல்ல சேதியையும் சொன்னது. எஸ்எம்டிபி அவசரப்பட்டுக் கைவிடுகிற நெறிமுறை அல்ல. ஆர்எஃப்சி 5321, அனுப்புகிற சர்வர் குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பும் ஐந்து நாள். சோதித்துப் பார்த்தேன். மாலையில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து சில மடல்களை அனுப்பி, காலையில் மறுபடி ஓடவிட்டேன். உடனே ஒன்றும் வரவில்லை. அனுப்பும் பக்கம் முயற்சிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும், அதனால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, ஒன்றும் குறையவில்லை. கர்னல் புதுப்பிப்புக்காகச் சர்வரை அணைப்பதற்கு இனித் தயங்க வேண்டியதில்லை.

மாதவாரியாகப் பிரித்தல்

எல்லாம் ஒரே இன்பாக்ஸில் குவிந்தால் பின்னாளில் தேடுவதும் நகர்த்துவதும் கடினம். சீவில் கரன்ட்டேட் என்ற சோதனையால் இன்றைய ஆண்டையும் மாதத்தையும் எடுத்து, இரண்டு மாறிகளில் வைத்து, அந்தப் பெயரில் கோப்புறை இல்லையென்றால் உருவாக்கி அதற்குள் மடலைப் போடும்படி நான்கைந்து வரிகள். நீட்சிகளை மேலே அறிவிக்க வேண்டும்: டேட், வேரியபிள்ஸ், ஃபைல்இன்ட்டூ, மெயில்பாக்ஸ். ரிலேஷனல் என்ற நீட்சியை இணையத்தில் பலரும் பழக்கத்தில் சேர்த்து எழுதுகிறார்கள். இங்கே ஒப்பீடு எதுவும் இல்லாததால் அது வேண்டாம்.

மடலில் இருக்கும் ‘டேட்’ வரியை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். அந்த வரியை எழுதுவது அனுப்புகிறவரின் கணினி. பேட்டரி செத்த கணினி 1970 என்று எழுதும்; ஸ்பேம்காரர் பட்டியலில் மேலே வருவதற்காக எதிர்காலத் தேதியை எழுதுவார். காப்பகத்துக்கு வந்து சேர்ந்த தேதியே நம்பகமானது.

கோப்புறைப் பெயரில் ஆண்டுக்கும் மாதத்துக்கும் நடுவே சாய்கோடு போட்டிருந்தேன். மடல்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைக்கும் மெயில்டிர் அமைப்பில் டவ்காட் இயல்பாகப் பிரிப்பானாக எடுத்துக்கொள்வது புள்ளியை; சாய்கோட்டைப் பெயரில் அனுமதிக்காது. அது பெயரை மறுக்க, சீவ் நிரல் தடுமாற, மடல் மட்டும் பத்திரமாக இன்பாக்ஸில் விழுந்தது. சீவின் நற்குணம் இது: நிரல் எங்கே இடறினாலும் மடலை வைத்துக்கொள் என்பதுதான் அதன் இயல்பு. பெயர்வெளி அமைப்பில் பிரிப்பானைச் சாய்கோடாக மாற்றியதும் சரியாகிவிட்டது. வட்டில் அப்போதும் அது புள்ளியாகத்தான் எழுதப்படும், அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

மெயில்டிரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கியூமெயில் என்ற அஞ்சல் சர்வர் நிரலை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த வடிவம் அது. ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. டிஎம்பி, நியூ, கர் என்று மூன்று அடைவுகள். முதலில் டிஎம்பியில் முழுவதும் எழுதி முடித்த பிறகே நியூவுக்குப் பெயர் மாறும், எனவே மின்சாரம் போனாலும் அரைகுறை மடல் பெட்டிக்குள் தென்படாது. எம்பாக்ஸ் வடிவத்தில் எல்லா மடல்களும் ஒரே கோப்பு; ஒரு இடத்தில் சிதைந்தால் அடுத்ததற்கும் ஆபத்து. அதிலும் வரியின் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற சொல் வந்தால் அதற்கு முன் ஒரு கோணக்குறியைச் சொருகிவிடும் வழக்கம் வேறு. மடலின் உடலைத் தொட்டால் டிகிம் கையெழுத்து செல்லாமல் போகும் என்று மேலே பார்த்தோம்.

மெயில்டிருக்கும் ஒரு முரண்டு உண்டு. படித்தது, பதில் எழுதியது போன்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே, முக்காற்புள்ளிக்குப் பின் ஒட்டிக்கொள்ளும். மடலைத் திறந்து பார்த்தாலே கோப்பின் பெயர் மாறுகிறது. கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் அதைப் புதிய கோப்பு என்று நினைத்து மறுபடி நகலெடுக்கிறது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறை உள்ள வட்டில் முக்காற்புள்ளியோடு பெயரே வைக்க முடியாது. இதற்கு மாதக் கோப்புறைகள் கைகொடுத்தன. மாதம் முடிந்து சில நாள் கழித்து, அந்தக் கோப்புறையை ஒரே தொகுப்பாக, டார் கோப்பாக்கி, எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு மதிப்பை எழுதிவைத்து, வேறொரு வட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன். கைபேசியில் விரல் தவறி மடல் அழிந்துவிடாமல் இருக்க, டவ்காட்டின் அனுமதிப் பட்டியலில் பார்க்கவும் படிக்கவும் மட்டுமே உரிமை. நீக்கும் உரிமை எனக்கே கிடையாது. வேண்டுமானால் சர்வருக்குள் நுழைந்துதான் செய்ய வேண்டும்.

ஃபார்வர்டு கொண்டுவராதவை

இரண்டு வாரம் ஓடிய பிறகு, மூலப் பெட்டியில் இருக்கும் மெசேஜ்-ஐடி வரிகளை (ஒவ்வொரு மடலுக்கும் உரிய அடையாளம்) மட்டும் ஐமேப்பில் எடுத்து ஒரு பட்டியல், காப்பகத்திலிருந்து இன்னொரு பட்டியல். இரண்டையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டேன். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் ஃபார்வர்டை நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லாமல் போனவை எதேச்சையாக இல்லாமல் போகவில்லை, ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கிறது.

ஸ்பேம் என்று மூலச் சேவை முடிவுகட்டியவை ஃபார்வர்டாகவில்லை. பிறகு நான் ‘இது ஸ்பேம் அல்ல’ என்று மீட்டெடுத்தவையும் காப்பகத்துக்கு வரவில்லை, ஃபார்வர்டு நடப்பது மடல் வந்த கணத்தில் மட்டும்தான். ஃபார்வர்டை இயக்குவதற்கு முந்திய மடல்கள் ஒன்றும் வராது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை எம்பாக்ஸ் ஏற்றுமதியாக எடுத்து ஒருமுறை உள்ளே ஏற்றிவிட்டேன்.

பெரிய ஓட்டை அனுப்பிய மடல்கள். நான் எழுதியது எதுவும் ஃபார்வர்டில் வராது. உரையாடலில் பாதிதான் கையில் இருக்கும். தண்டர்பேர்டில் ஒவ்வொரு மடலுக்கும் தானாகவே ஒரு பிசிசி (மறைநகல்) முகவரி சேர்க்கும் வசதி இருக்கிறது. கைபேசிச் செயலிகள் பலவற்றில் அது இல்லை. சொந்தச் சர்வர் வழியே அனுப்புபவர்கள் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்புநர் பிசிசி அட்டவணையைப் பயன்படுத்தலாம். ஆனால் இவற்றில் ஒரு நுட்பமான இழப்பு இருக்கிறது. அனுப்பும் வழியில் பிசிசி வரி நீக்கப்படும். யார் யாருக்கு மறைவாக அனுப்பினோம் என்ற தகவல் காப்பக நகலில் இருக்காது. அனுப்பியவை கோப்புறையில் இருக்கும் நகலில் பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே அனுப்பியவைக்கு மட்டும் எம்பிசிங்க்கை அழைத்தேன், ஆனால் காப்பகச் சர்வரில் அல்ல. என் சொந்தக் கணினியில் அது ஓடுகிறது. ஒருவழியாக இழு, எதையும் அழிக்காதே என்ற அமைப்பில் அனுப்பியவை கோப்புறையை மட்டும் இறக்கி, பிறகு காப்பகத்துக்கு ஏற்றிவிடுகிறது. மூலக் கணக்கின் சாவி என் கணினியை விட்டு வெளியே போவதில்லை. முதலில் சொன்ன கட்டுப்பாடு இதனால் காப்பாற்றப்பட்டது. வசதிக்காக அதைத் தளர்த்தி, எல்லாவற்றையும் சர்வரிலேயே முடித்துக்கொள்ள ஆசை வராமலில்லை.

அலுவலக மடல்களை இந்த வழியில் கொண்டுவர எண்ணாதீர்கள். பல நிறுவனங்கள் வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு செய்வதைத் தடுத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365இல் இயல்பு நிலையே தடைதான், மீறினால் 5.7.520 என்ற எண்ணோடு மடல் திரும்பும். அந்தத் தடை நியாயமானதும்கூட. கணக்கைத் திருடுகிறவர்கள் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று, சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்டு விதியை எழுதிவைப்பது. அதே காரணத்துக்காக உங்கள் சொந்தக் கணக்கின் ஃபார்வர்டு பக்கத்தையும் அவ்வப்போது பாருங்கள். நீங்கள் எழுதாத முகவரி அங்கே இருக்கக் கூடாது.

கடவுச்சொல் மீட்பு இணைப்புகளும் ஒருமுறைக் குறியீடுகளும்கூடக் காப்பகத்துக்கு வருகின்றன. வந்த கணத்தில் அவை உயிரோடு இருப்பவை. காப்பகத்தைத் தொடர்ந்து படிக்க முடிந்தவர் என் மற்றக் கணக்குகளைக் கைப்பற்ற முடியும். முக்கியக் கணக்குகளின் இரண்டாம் படியை மின்னஞ்சலிலிருந்து செயலிக்கு மாற்றினேன். சர்வரின் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஐமேப் போர்ட் பொது இணையத்துக்குத் திறந்திருக்கவில்லை, வயர்கார்டு என்ற விபிஎன் வழியே மட்டும் எட்டும். பொதுவெளிக்குத் தெரிவது 25ஆம் போர்ட் ஒன்றே.

மௌனத்தைக் கவனித்தல்

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிஞ்சிய கவலை ஒன்றுதான். ஃபார்வர்டு நின்றுபோனால் சத்தமே வராது. மூலப் பெட்டியில் மடல்கள் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், நானும் படித்துக்கொண்டிருப்பேன், காப்பகம் காலியாகவே கிடக்கும். தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

அதற்கு ஒரு சிறிய நிரல். நியூ அடைவுகளில் கடைசியாக வந்த கோப்பின் நேரத்தைப் பார்க்கிறது. 24 மணி நேரமாக ஒன்றும் வரவில்லை என்றால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சலாக வர முடியாது, அனுப்பும் வழியைத்தான் அடைத்துவிட்டோமே. சர்வர் ஒரு நிலைக் கோப்பை எழுதுகிறது, என் கணினி அதை வயர்கார்டு வழியே படித்துத் திரையில் அறிவிப்புக் காட்டுகிறது. நிலைக் கோப்பே பழையதாக இருந்தாலும் அதே அறிவிப்புதான், சர்வர் செத்துக் கிடக்கிறது என்று பொருள். மடல் குறைவாக வரும் நாட்களில் பொய் எச்சரிக்கை எழாமலிருக்க, வேறொரு கணக்கிலிருந்து நாளுக்கு ஒரு மடல் மூலப் பெட்டிக்குப் போகும்படி குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்த மடல் மூலத்துக்கு வந்து, ஃபார்வர்டாகி, காப்பகத்தைத் தொட்டால் வழி முழுவதும் திறந்திருக்கிறது. சீவ் அதை அடையாளம் கண்டு தனிக் கோப்புறையில் போட்டுவிடும். மாதக் கணக்கில் அது சேராது.

மெசேஜ்-ஐடி ஒப்பீட்டை மாதம் ஒருமுறை, டார் கோப்பை உருவாக்குவதற்குச் சற்று முன்னால் ஓட்டுகிறேன். ஸ்பேமிலிருந்து மீட்டவை மட்டும் விடுபட்டவையாக வருகின்றன. அவற்றைத் தண்டர்பேர்டில் தேர்ந்தெடுத்து ரீடைரக்ட் செய்துவிட்டுக் கோப்புறையை மூடுகிறேன்.